புகைக்கூடமும் தீயணைப்புக் கழகமும்: குருண் வட்டாரத் தோட்டத் தமிழர் பெறாத ஒரு சான்றிதழின் வரலாறு

முன்னுரை

கெடா மாநிலத்தின் கோலமூடா மாவட்டத்தில், ஜெராய் மலையின் அடிவாரத்தை ஒட்டி அமைந்துள்ள குருண், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கக் காலம் முதல் ரப்பர்த் தோட்டங்களால் சூழப்பட்ட ஊராகும். மலாய்மொழியில் அப்பெயர் பாலைநிலத்தைக் குறிக்கும். மலையின் ஓடைகளும் பசுமையும் கண்முன் நிற்க, இவ்வூருக்கு அப்பெயர் பொருந்தாது என்றே முதலில் தோன்றும். ஆனால் தீயின் வரலாற்றை எழுத முற்படுவோர்க்கு அது முற்றிலும் பொருந்தாத பெயரன்று. தீபகற்பத்தின் தென்பகுதியைப் போலன்றி, கெடாவில் ஆண்டின் தொடக்கத்தில் மழை குறைந்த சில வாரங்கள் தெளிவாகப் புலப்படும். ரப்பர் மரங்கள் இலையுதிர்ப்பதும் அக்காலத்திலேயே. நிரைநிரையாக நிற்கும் மரங்களின் அடியில் கணுக்கால் புதையும் அளவுக்குச் சருகு சேரும். வீசியெறிந்த ஒரு சுருட்டுத் துண்டு போதும்.

மலேசியத் தமிழர் வரலாற்றில் கூலியும் கள்ளும் கோயிலும் பள்ளியும் விரிவாக ஆராயப்பட்டுள்ளன. தீ ஆராயப்படவில்லை. தோட்டத்தில் தீயைக் காத்தவர் யார், அணைத்தவர் யார், அவ்வறிவு எவ்வாறு ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குச் சென்றது, நாட்டில் தீயணைப்பு ஒரு பயிற்சித் தொழிலாக வளர்ந்தபோது அவ்வறிவு ஏன் அதனுள் இடம்பெறவில்லை என்னும் வினாக்கள் இன்னும் முறையாக எழுப்பப்படவில்லை. குருண் வட்டாரத்தை மையமாகக் கொண்டு அவ்வினாக்களை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொல்

நாம் எழுத்தில் 'தீயணைப்பு மீட்புப் படை' என்று எழுதுகின்றோம். பேச்சில் 'பொம்பா' என்கின்றோம். பொம்பா என்பது மலாய்மொழி வழியாக நம்மிடம் வந்த போர்த்துகீசியச் சொல். அதன் மூலப்பொருள் நீரிறைக்கும் பொறி என்பதாகும். பொறியின் பெயரே அப்பொறியை இயக்கும் படைக்கும் ஆகிவந்தது. தமிழில் அமைந்த 'தீயணைப்பு' என்னும் தொடர் செயலைச் சுட்டுகின்றது. 'பொம்பா' கருவியைச் சுட்டுகின்றது. இவ்வேறுபாடு சிறிதெனினும் கருதத்தக்கது. ஏனெனில், குருண் போன்ற ஊர்களின் தோட்டங்களில் பொறி வருமுன்னரே செயல் இருந்தது. பச்சைக் கிளையால் அடித்தும், சருகைக் கூட்டி வெறுந்தரைப் பட்டை அமைத்தும், வாளி வரிசையால் நீர் கடத்தியும் தீயை அடக்குவது தோட்ட மக்களுக்கு எவரும் பாடமாகச் சொல்லித்தராத வேலையாக இருந்தது.

புகைக்கூடம்

தோட்டத்தில் தீ எப்போதும் விபத்தாகவே இருந்ததில்லை. அது உற்பத்தியின் ஓர் அங்கமாகவும் இருந்தது. இதனை விளங்கிக்கொள்ளாமல் மேற்செல்ல இயலாது.

மரத்தில் வடித்த பால் ஆலைக்கு வந்ததும் நீர் கலந்து, பார்மிக் அமிலம் சேர்த்து உறைய வைக்கப்படும். உறைந்த கட்டி உருளைகளினூடே செலுத்தப்பட்டு, வரி விழுந்த தாளாகும். அத்தாள்கள் மூங்கில் அல்லது மரக் கொம்புகளில் தொங்கவிடப்பட்டுப் புகைக்கூடத்தில் நாட்கணக்கில் உலர்த்தப்படும். ரப்பர் விறகின் புகையும் வெம்மையும் சேர்ந்து தாளை உலர்த்துவதோடு பூஞ்சணத்தையும் தடுக்கும். உலகச் சந்தையில் 'வரியிட்ட புகைத்தாள்' என்று தரம் பிரித்து விற்கப்பட்டது இப்பொருளே.

இதில் வெம்மையை ஆள்வதே நுட்பம். முதல் நாள் குறைந்த வெம்மை. ஈரம் வெளியேற வெளியேறப் படிப்படியாகக் கூடும் வெம்மை. இறுதியில் ஏறத்தாழ 60 பாகை செல்சியசு. முதலிலேயே வெம்மை மிகுந்தால் தாளில் கொப்புளம் எழும், தரம் வீழும். குறைந்தால் உள்ளீரம் தங்கிப் பூஞ்சணம் படியும். விறகு மிக உலர்ந்ததாயின் புகை குறைந்து சுடர் எழும். மிகப் பச்சையாயின் வெம்மை போதாது. காற்றுவாயைத் திறப்பதும் மூடுவதும் இரவு முழுவதும் நிகழ வேண்டும். இவை யாவற்றையும் வெப்பமானியை விடக் கண்ணாலும் மூக்காலும் உள்ளங்கையாலும் அறிந்தவரே புகைக்கூடக்காரர்.

பழைய அமைப்பில் நெருப்புக் குழி கூடத்தின் உள்ளேயே, தொங்கும் தாள்களுக்கு நேர்க்கீழே இருந்தது. கொம்பிலிருந்து ஒரு தாள் நழுவிக் குழியில் விழுந்தாலும் போதும். ரப்பர் பற்றிக்கொண்டால் கரும்புகை கக்கி எரியும், எளிதில் அவியாது. ஆகவே புகைக்கூடம் எரிவது தோட்டங்களில் அறியப்பட்ட பேரிடராக இருந்தது. 1925இல் அமைக்கப்பட்ட மலாயா ரப்பர் ஆய்வுக் கழகம் அடுப்பைக் கூடத்திற்கு வெளியே அமைத்து, வெம்மையைக் குழாய்வழி செலுத்தி, தாள்களைத் தள்ளுவண்டிகளில் ஏற்றிச் செலுத்தும் முறைகளைப் பரப்பியதற்குத் தரமேம்பாடு மட்டுமன்றித் தீயச்சமும் காரணமாகும்.

இன்று தீயியல் நூல்களில் எரிபொருள், உயிர்வளி, வெம்மை என்னும் மூன்றும் சேர்ந்தாலன்றித் தீயில்லை என்பது முதற்பாடம். புகைக்கூடக்காரரின் இரவுப்பணி முழுவதும் இம்மூன்றின் அளவைக் கூட்டியும் குறைத்தும் ஆள்வதேயாகும். காற்றைக் குறைத்து எரிவை மந்தப்படுத்தலாம் என்பதையும், மூடிய அறையில் கனன்றுகொண்டிருக்கும் நெருப்புக்குத் திடீரெனக் கதவைத் திறந்தால் என்ன நேரும் என்பதையும் அவர் அறிந்திருந்தார். இதை அறிவென்று எவரும் பெயரிடவில்லை. நாட்கூலிப் பட்டியலில் அது ஒரு வேலை, அவ்வளவே.

தொழிலாளர் குடியிருப்பின் நிலை வேறு. மரப்பலகையால் கட்டி, அத்தாப்பு ஓலையோ துத்தநாகத் தகடோ வேய்ந்த லயன்களில் அறைகளைப் பிரிக்கும் தடுப்புகள் பல இடங்களில் கூரைவரை எட்டுவதில்லை. காற்றோட்டத்துக்கு அது உதவியது, தீக்கும் உதவியது. ஓர் அடுப்பங்கரையில் எழுந்த தீ கூரையடி வெளியினூடே வரிசை முழுவதையும் பற்றுவதற்குச் சில நிமிடங்களே ஆகும். தண்டவாளத் துண்டில் அடித்து எழுப்பும் ஓசையே அபாயச் சங்கு. நகரத்திலிருந்து வண்டி வரும் செம்மண் சாலையின் தொலைவை நினைத்தால், எஞ்சிய வீடுகளைக் காக்க இடையிலுள்ள ஓர் அறையைத் தாமே இடித்துத் தள்ளுவதுதான் அறிவுடைமை. மேலை நாட்டுத் தீயணைப்பு வரலாற்றில் 'தீயிடைவெளி' என்று பேசப்படும் உத்தியும் இதுவே.

தலைநகரில் எழுந்த தீ

மலாயாவில் ஒழுங்கமைந்த தீயணைப்புப் பணியின் தொடக்கம் தோட்டத்தில் நிகழவில்லை, நகரத்தில் நிகழ்ந்தது. 1881 சனவரி 4ஆம் நாள் கோலாலம்பூரில் எழுந்த பெருந்தீ ஓலையும் பலகையுமாக இருந்த அந்நகரின் பெரும்பகுதியை அழித்தது. பின்னர் சிலாங்கூர் ரெசிடென்டாகப் பொறுப்பேற்ற பிராங்க் சுவெட்டன்காம், கட்டடங்கள் செங்கல்லாலும் ஓட்டாலும் அமைதல் வேண்டும் என்று விதித்தார். செங்கல் சூளைகள் பெருகின. அச்சூளைகளால் பெயர்பெற்ற பிரிக்பீல்ட்சு பின்னாளில் இரயில்வே பணிமனையாலும் குடியிருப்பாலும் தமிழர் பகுதியாக மாறியது. நம் சமூகத்தின் புகழ்பெற்ற நகர்ப்புறக் குடியிருப்பு ஒன்றின் பெயருக்குப் பின்னால் தீயச்சம் இருக்கின்றது என்பதைத் தமிழாசிரியர்கள் வகுப்பில் சொல்லலாம்.

1883இல் எச்.எஃப். பெல்லாமி தலைமையில் சுமார் 15 பேரைக் கொண்ட சிலாங்கூர்த் தொண்டூழியத் தீயணைப்புப் படை அமைந்தது. இன்றைய மலேசியத் தீயணைப்பு மீட்புத் துறை தன் வரலாற்றை இவ்வாண்டிலிருந்தே கணக்கிடுகின்றது. அதே ஆண்டில்தான் கோலகுபுவில் அணை உடைந்து ஊர் வெள்ளத்தில் சிக்கியது. பின்னர் மேட்டுநிலத்தில் எழுந்த கோலகுபு பாரு என்னும் புதிய ஊரில் இன்று நாட்டின் முதன்மையான தீயணைப்பு மீட்புக் கழகம் இயங்குகின்றது. பேரிடரால் இடம்பெயர்ந்த ஊர் பேரிடர்ப் பயிற்சிக்கு இடமானது தற்செயலே எனினும் நினைவில் நிற்பது.

பெல்லாமியின் படை நமக்கு ஓர் ஒப்பீட்டைத் தருகின்றது. அதற்கு 59 ஆண்டுகளுக்கு முன், 1824இல், எடின்பரோ நகரில் நகராட்சித் தீயணைப்புப் படையை அமைத்த சேம்சு பிரெய்ட்வுட் தம் வீரர்களைக் கட்டடத் தொழிலாளரிடையே தேர்ந்தெடுத்தார். கூரைவேலை, தச்சு, கல்தச்சு, குழாய்வேலை ஆகியவற்றில் ஈடுபட்டோரே அவர்கள். கட்டடம் எவ்வாறு எழுகின்றது என்று அறிந்தவனுக்கு அது எவ்வாறு வீழும் என்பதும் தெரியும் என்பது அவர் கருத்து. 1830இல் அவர் வெளியிட்ட நூல் பொறிகளைப் பற்றி மட்டுமன்றி வீரர்க்கான பயிற்சியையும் விரித்துரைத்தது. பின்னர் இலண்டனில் கப்பலோட்டிகள் விரும்பிச் சேர்க்கப்பட்டனர். கயிறும் உயரமும் இரவு விழிப்பும் அவர்களுக்குப் பழகியவை. ஆக, தீயணைப்புத் தொழில் உலகில் எங்கெல்லாம் செழித்ததோ அங்கெல்லாம் அது முன்பே இருந்த ஒரு கைத்தொழில் அறிவைத் தன்னுள் ஈர்த்துக்கொண்டே வளர்ந்தது. மலாயாவில் தீயை நாள்தோறும் ஆண்ட புகைக்கூடக்காரரை எந்தத் தீயணைப்புப் படையும் அவ்வாறு தேடிச் செல்லவில்லை. தோட்டம் நகராட்சி எல்லைக்கு வெளியே இருந்தது; அதனுள் நிகழ்வது தோட்ட நிருவாகத்தின் பொறுப்பாகக் கருதப்பட்டது. குடியேற்ற ஆட்சியின் இந்நிலப்பிரிவே நாம் தேடும் முதற்காரணம்.

சீருடையும் பள்ளியும்

1941 திசம்பரில் போர் குருணுக்கு வந்தது. 11ஆம் நாள் பினாங்கில் சப்பானியர் வீசிய குண்டுகளால் சார்ச்சுடவுன் பற்றியெரிந்தது. யித்ராவிலிருந்து பின்வாங்கிய 11ஆம் இந்தியப் படைப்பிரிவு 14 முதல் 16 வரை குருணில் சப்பானியரை எதிர்த்துத் தோற்றது. அதன்பின் வந்த ஆண்டுகளைப் பற்றி இங்கு விரித்தெழுதத் தேவையில்லை.

போருக்குப் பிந்திய ஒரு செய்தியை மட்டும் குறிப்பிட வேண்டும். குருணுக்குத் தெற்கே, பீடோங் அருகிலுள்ள ஆர்வர்டு தோட்டத்தில் ஏ.எம். சாமியின் தலைமையில் எழுந்த தொண்டர் படை கள்ளொழிப்பையும் தொழிலாளர் மதிப்பையும் முன்வைத்துத் தோட்ட இளைஞரைத் திரட்டியது. அணிவகுப்பும் ஒழுங்கும் அப்படையின் அடையாளங்கள். 1947இல் அது காவல்துறையால் ஒடுக்கப்பட்டது. அப்படையின் அரசியலைப் பற்றிய கருத்து வேறுபாடுகள் எவ்வாறாயினும், தோட்டத்து இளைஞர் கட்டுப்பாடான பயிற்சிக்கு ஏற்றவரல்லர் என்னும் அக்கால எழுத்துகளில் காணப்படும் ஏளனத்துக்கு அதுவே மறுப்பாகும். விருப்பம் இருந்தது, அவ்விருப்பத்தை ஏற்கும் நிறுவனம் இல்லை.

1948இல் தொடங்கிய அவசரகாலத்தில் ஆலைகளும் புகைக்கூடங்களும் தீவைப்புக்கு இலக்காயின. தோட்டங்களைக் காக்கச் சிறப்புக் காவலர் பெருந்தொகையில் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் மலாய்க்காரர். மறுபுறம், சீனர் வாழும் சிற்றூர்களில் தொண்டூழியத் தீயணைப்புப் படைகள் ஊர்மக்களின் நன்கொடையால் வேரூன்றின. இன்றும் பல இடங்களில் அவை இயங்குகின்றன. தமிழர் வாழ்ந்த தோட்டத்தில் இத்தகைய படை எழாததற்குச் சோம்பலைக் காரணமாகக் கூறுவது எளிது. அது பிழையான முடிவாகும். புதுக்கிராமத்தார்க்குத் தம் வீடு என்று ஒன்று இருந்தது. லயனின் அறை வேலையோடு வந்தது, வேலையோடு போயிற்று. தம்முடையதல்லாத கூரைக்கு எவரும் பொறி வாங்குவதில்லை.

1976 சனவரி முதல் நாள் தீபகற்ப மாநிலங்களின் தீயணைப்புப் பணிகள் ஒன்றிணைக்கப்பட்டுக் கூட்டரசுத் துறையாயின. அன்று முதல் தீயணைப்பு வீரர் கூட்டரசின் பொதுப்பணியாளர். ஊதிய அட்டவணை, ஓய்வூதியம், பதவி உயர்வு, ஒரே வகைப் பயிற்சி ஆகியன வந்தன. அவற்றோடு கல்வித்தகுதியும் வந்தது. உடல்வலிமையும் ஓரளவு எழுத்தறிவும் போதும் என்றிருந்த தொழில், தேர்வுச் சான்றிதழின்றி நுழைய முடியாத தொழிலாயிற்று.

காலப்பொருத்தத்தைக் கவனிக்க வேண்டும். 1970 முதல் ஆங்கிலப் பள்ளிகள் படிப்படியாக மலாய்மொழி வழிக்கு மாறிக்கொண்டிருந்தன. தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்ற மாணவன் நகரத்து இடைநிலைப் பள்ளியில் முதலில் புகுமுக வகுப்பில் ஓராண்டு அமர வேண்டும். பின்னர் புதிய மொழியில் அறிவியலும் வரலாறும் படிக்க வேண்டும். பேருந்துக் கட்டணமும் காலைப் பெரட்டுக்குப் பெற்றோருடன் செல்லும் வழக்கமும் சேர்ந்து பலரைப் பாதியில் நிறுத்தின. தொழிலின் வாயில் உயர்ந்த அதே பத்தாண்டுகளில் தோட்டத்து மாணவனின் படிக்கட்டு செங்குத்தாயிற்று. ஒன்றைத் தனியே நோக்கினால் தீயணைப்புத் துறையின் நவீனமயம். மற்றொன்றைத் தனியே நோக்கினால் கல்விச் சீர்திருத்தம். இரண்டையும் சேர்த்து நோக்கும்போதே தமிழிளைஞர் விடுபட்ட விதம் விளங்கும்.

பாடாங் லுமாட்

குருணிலிருந்து வெகு தொலைவில் இல்லாத ஊர் பாடாங் லுமாட். குவார் செம்பெடாக் நகருக்கு அப்பால், யான் மாவட்டத்தில் உள்ளது. அங்குள்ள தௌபிக்கியா அல்-கைரியா சமயப்பள்ளியின் மரத்தாலான விடுதிகள் 1989 செப்டம்பர் 22ஆம் நாள் எரிந்தன. 27 மாணவியர் மாண்டனர். மலேசியப் பள்ளி வரலாற்றின் கொடிய தீவிபத்துகளுள் அது ஒன்று.

இதனை இங்கு எடுத்துரைப்பதற்குக் காரணம் அருகாமை மட்டுமன்று. பலகைச் சுவர், நெருங்கிய அறைகள், குறுகிய வழி, இரவு, உறங்கும் இளையோர் என்னும் இவ்வமைப்பு தோட்ட லயனின் அமைப்பிலிருந்து பெரிதும் வேறானதன்று. மாண்டவர் மலாய்க் குடும்பங்களின் பிள்ளைகள். எனினும் ஏழைமையின் கட்டடக்கலைக்கு இனமில்லை என்பதைக் கெடாவில் வாழ்ந்த எவரும் அன்று உணர்ந்திருப்பர். 2004 சூலை 16ஆம் நாள் கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கூரைக்குத் தீ பரவி 94 குழந்தைகள் மாண்டபோது, தமிழுலகம் முழுவதும் அழுதது. 2017 செப்டம்பர் 14ஆம் நாள் கோலாலம்பூரில் ஒரு தாபிசு பள்ளியில் 23 பேர் உயிரிழந்தனர். சன்னல்களில் கம்பி பொருத்தப்பட்டிருந்தது. இம்மூன்று நிகழ்வுகளிலும் வீரர்களின் துணிவு பற்றிய கேள்வி எழவில்லை. தீ எழுமுன் அக்கட்டடத்தைப் பார்வையிட்டு, 'இங்கு வெளியேறும் வழி இல்லை' என்று கூறி, அதைச் செயற்படுத்தும் அதிகாரமும் கல்வியும் உடைய ஒருவர் இருந்தாரா என்னும் கேள்வியே எழுந்தது.

மலேசியாவில் 1984இன் ஒருசீர்க் கட்டட உபவிதிகளும் 1988இன் தீயணைப்புப் பணிச் சட்டமும் அத்தகைய அதிகாரத்தை வகுத்தன. குறித்த வகைக் கட்டடங்கள் தீப்பாதுகாப்புச் சான்றிதழ் பெறவேண்டும் என்பது பின்னைய சட்டத்தின் முக்கியக் கூறு. எனவே தீயணைப்பாளர் என்பவர் குழாயேந்தும் வீரர் மட்டுமல்லர். வரைபடம் படிப்பவரும் ஆவார். கல்லூரிக் கல்வி இத்தொழிலுக்கு ஏன் வேண்டும் என்று வினவுவோர்க்கு இதனினும் சிறந்த விடையில்லை.

கல்லூரி

தீயைப் பல்கலைக்கழகப் பாடமாக்கியோர் முதலில் அமெரிக்கர். சிக்காகோவின் ஆர்மர் கழகம் 1903இல் தீப்பாதுகாப்புப் பொறியியலில் பட்டக்கல்வி தொடங்கியது. நகரமே எரிந்த நினைவும் காப்பீட்டு நிறுவனங்களின் இழப்பும் அதற்குத் தூண்டுதல். பிரித்தானியர் வேறு வழியை மேற்கொண்டனர். 1918இல் தோன்றிய தீப்பொறியாளர் கழகம் பணியில் இருக்கும் வீரரே படிப்படியாகத் தேர்வெழுதி உயரும் ஏணியை அமைத்தது. பட்டம் பெறாத ஒருவர் படைவீரராகத் தொடங்கிப் பொறியாளர் தகுதிவரை செல்ல அது வழி செய்தது. மலேசியாவிலும் அக்கழகத்தின் கிளை இயங்குகின்றது. எடின்பரோ பல்கலைக்கழகம் தீப்பொறியியலுக்குத் தனி இருக்கை அமைத்தது 1970களில்தான். நம் அதிகாரிகள் பலர் உயர்பயிற்சிக்குச் சென்ற இங்கிலாந்தின் மோர்டன்-இன்-மார்சு தீயணைப்புக் கல்லூரி 1960களின் இறுதியில் திறக்கப்பட்டது.

இந்தியாவின் செய்தி நமக்கு மேலும் நெருக்கமானது. 1944 ஏப்ரல் 14ஆம் நாள் பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்தும் பஞ்சும் ஏற்றிய கப்பல் வெடித்துத் தீயணைப்பு வீரர் பலர் மாண்டனர். இந்தியாவில் இன்றும் அந்நாளிலேயே தீயணைப்புப் பணி வாரம் தொடங்குகின்றது. விடுதலைக்குப்பின் 1956இல் இராம்பூரில் தொடங்கி அடுத்த ஆண்டு நாகபுரிக்கு மாறிய தேசியத் தீயணைப்புப் பணிக் கல்லூரி அந்நாட்டின் அதிகாரிகளை உருவாக்குகின்றது. தமிழ்நாட்டில் 2003இல் பிரியா இரவிச்சந்திரன், மீனாட்சி விசயகுமார் ஆகிய இரு பெண்கள் மாநிலத் தேர்வாணையத்தின் வழித் தீயணைப்பு அதிகாரிகளாயினர். அவர்களுள் பிரியா 2012இல் சென்னை எழிலகத் தீயில் படுகாயமுற்றுப் பின்னர்ப் பணிக்குத் திரும்பினார். நம் ஆசிரியர்கள் மாணவியரிடம் இத்தொழிலைப் பற்றிப் பேசத் தயங்குவதுண்டு. அத்தயக்கத்துக்கு இனி இடமில்லை.

மலேசியாவில் பயிற்சி கழகங்களை மையமாகக் கொண்டது. கோலகுபு பாருவை அடுத்துத் திரங்கானுவின் வாக்காப் தாப்பாய், சரவாக், சபா ஆகிய இடங்களிலும் கழகங்கள் அமைந்தன. புதியவர் சில திங்கள் தங்கிப் பயில்வர். அணிவகுப்பு, குழாயும் ஏணியும் கையாளல், கயிற்று முடிச்சு, மூச்சுக்கருவி அணிந்து புகையறையில் தடவிச் செல்லல், முதலுதவி, தீயின் வேதியியல், சட்டம் என்று பாடங்கள் விரியும். மூச்சுக்கருவிப் பயிற்சி பற்றி ஒரு சொல். இருளும் புகையும் சூழ்ந்த அறையில் சுவரைக் கைவிடாமல் பின்னங்கையால் தடவி முன்னேற வேண்டும். உள்ளங்கை மின்கம்பியைத் தொட்டால் விரல்கள் மடங்கிப் பற்றிக்கொள்ளும், புறங்கை தொட்டால் விலகும். ஒரு நூற்றாண்டுத் தொழிலறிவு இத்தகைய சிறு விதிகளில்தான் வாழ்கின்றது.

பாடத்திட்டத்தை மாற்றியவை பேரிடர்களே. 1991 மே 7ஆம் நாள் சுங்கை பூலோ வாணவெடி ஆலை வெடித்தது. 1993 திசம்பர் 11ஆம் நாள் ஐலேண்டு டவர்சு அடுக்குமாடி சரிந்து 48 பேர் மாண்டனர். இடிபாட்டினுள் உயிருள்ளோரைத் தேடும் கலை நம்மிடம் இல்லை என்பது அன்று வெளிப்பட்டது. முன்னதன் பின் 1994இன் தொழிலிடப் பாதுகாப்பு சுகாதாரச் சட்டம் வந்தது. பின்னதன் பின் தேடல் மீட்புக்கெனச் சிறப்புக் குழுக்கள் அமைந்தன. 1997இல் துறையின் பெயரிலேயே 'மீட்பு' என்னும் சொல் இணைந்தது. 2018 அக்டோபர் 3ஆம் நாள் பூச்சோங் அருகே நீரில் வீழ்ந்த இளைஞரைத் தேடச் சென்ற வீரர் அறுவர் மூழ்கி இறந்தனர். தீயணைப்பு வீரரை நீர் கொன்றது என்னும் இச்செய்தி, இப்பணியின் எல்லை எத்துணை விரிந்துவிட்டது என்பதையும் அவ்விரிவுக்கேற்பப் பயிற்சியும் விரிய வேண்டியதையும் ஒருசேரக் காட்டியது.

பணிநுழைவில் 2024 திசம்பரில் புதிய ஊதியத் திட்டம் நடைமுறைக்கு வரும்வரை மூன்று படிகள் அறியப்பட்டிருந்தன. எஸ்.பி.எம். தகுதிக்கு கே.பி. 19, பட்டயத்துக்கு கே.பி. 29, பட்டத்துக்கு கே.பி. 41. தரக்குறியீடுகள் இன்று மாறினாலும் சான்றிதழே படியைத் தீர்மானிக்கும் முறை மாறவில்லை. எஸ்.பி.எம். தேர்வில் மலாய்மொழித் தேர்ச்சி, நல்ல பார்வை, உடற்றகுதி என்பன தொடக்க நிபந்தனைகள். இவற்றைப் பதினேழாம் அகவையில் அறிந்து பயனில்லை. பதின்மூன்றாம் அகவையில் அறிய வேண்டும். இடைநிலைப் பள்ளிகளிலுள்ள தீயணைப்பு மீட்புக் கேடட் படை, சீருடை இயக்கம் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய மாணவர்க்கு இத்தொழிலின் முதல் அறிமுகமாக அமையக்கூடியது. தமிழ்ப்பள்ளியின் ஆறாம் ஆண்டு ஆசிரியர் இதை ஒரு சொல்லால் சுட்டினாலும் போதும்.

குருண் இன்று

1965இல் நிலைத்தர மலேசிய ரப்பர்த் திட்டம் அறிமுகமானபின் கட்டி ரப்பர் முதன்மை பெற்றது. புகைத்தாளின் பங்கு குறைந்தது. தொடர்ந்து எண்ணெய்ப்பனை வந்தது, நிலம் கூறுபோடப்பட்டது. குருண் வட்டாரத்தில் புகைக்கூடத்தின் இரவுக்காவல் ஓய்ந்தது. அதனோடு, எழுதப்படாத ஒரு தீயியல் ஏடும் மூடப்பட்டது.

வியப்பு யாதெனில், அந்த இடத்துக்கு முன்னிலும் அபாயமான தீ வந்தமைதான். 1990களின் இறுதியில் குருணில் பெட்ரோனாசு உர ஆலை இயங்கத் தொடங்கியது. குழாய்வழி வரும் இயற்கை எரிவளியிலிருந்து அம்மோனியாவும் யூரியாவும் உருவாகின்றன. அம்மோனியா நீரில் பேரளவில் கரைவது. ஆகவே கசிவின்போது நீர்த்திரை அமைத்து ஆவியை அடக்குவர். அதனை ஆக்கப் பயன்படும் நீரகவளியின் சுடரோ பகலில் கண்ணுக்குத் தெரிவது அரிது. கண்ணாலும் மூக்காலும் உள்ளங்கையாலும் தீயை அறிந்த பாட்டனின் அறிவு இங்குச் செல்லாது. மானியும் வேதியியலும் வேண்டும். இத்தகைய ஆலைகளில் அவசரநிலைக் குழு, பாதுகாப்பு அதிகாரி, கட்டுப்பாட்டறைப் பணியாளர் எனச் சீருடைத் துறைக்கு வெளியேயும் தீயணைப்புக் கல்விக்கு வேலையுண்டு. தமிழ் இளைஞர் அரசுப்பணி ஒன்றையே எண்ணிச் சோர்வது தேவையற்றது.

சட்டமும் அவ்வழியை விரித்துள்ளது. 1994இன் சட்டத்துக்கான திருத்தம் 2024 சூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. பாதுகாப்பு அதிகாரியை அமர்த்தும் கடப்பாடு இல்லாத முதலாளியரும், ஐவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரிந்தால், பயிற்சி பெற்ற பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவரை நியமிக்க வேண்டும். பீடோங், சுங்கைப்பட்டாணி, குருண் ஆகிய ஊர்களில் ஐவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் சிறு பட்டறைகளும் இதனுள் அடங்கும்.

மற்றொன்றும் உண்டு. தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டம் 2006இல் இயற்றப்பட்டது. மலேசியத் திறன் சான்றிதழ் முறையில், வகுப்பறைக்குச் செல்லாமல் பணியனுபவத்தைச் சான்றுகளோடு மெய்ப்பித்துச் சான்றிதழ் பெறும் 'முன்சாதனை ஏற்பு' என்னும் வழி உள்ளது. கையால் கற்ற அறிவை அரசு அறிவென்று ஒப்புக்கொள்ளும் ஏற்பாடு அது. புகைக்கூடக்காரருக்கு வேண்டியிருந்ததும் இதுவே. அவ்வேற்பாடு வந்தபோது கூடங்கள் இல்லை.

ஜெராய் மலைக்குத் தெற்கே சுங்கை பத்துவில் 2009 முதல் நிகழ்ந்த அகழாய்வுகளில் இரும்புருக்கு உலைகளும் அவற்றுக்குக் காற்றூட்டிய சுடுமண் துருத்திக்குழல்களும் பெருந்தொகையில் வெளிப்பட்டுள்ளன. பண்டைக் கடாரத்தின் நிலம் இதுவென ஆய்வாளர் கூறுவர். ஈராயிரம் ஆண்டுகளுக்குக் குறையாத காலம் தீயை ஆண்ட நிலத்தில், தீயை ஆளும் கல்வியை நாடி ஆண்டுதோறும் விண்ணப்பிப்போரில் நம் மாணவர் எத்தனை பேர் என்பதைப் பள்ளிவாரியாகக் கணக்கிடும் பணி கெடாவின் தமிழாசிரியர்களால் தொடங்கப்படக் கூடியது. அதற்கு வேண்டியது ஒரு பதிவேடும், ஐந்தாம் படிவ மாணவரின் பெயர்ப்பட்டியலும், இரண்டாண்டு கழித்து அவர்களை மீண்டும் அழைத்து வினவும் பொறுமையுமே.